கேட்பதற்கு முன்பே எழுதிய பதினோரு 'நோ'

இந்த நிறுவனத்தில் நிதி ஆலோசகர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊக்கம் தரும்படி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஊக்கம் மாதாமாதம் சம்பளத்தோடு வந்துவிடும். தனியாக எழுதித் தர என்னிடம் ஒன்றும் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு தப்பு. அதை எழுதுகிறேன்.

உங்கள் விண்ணப்பங்களைப் படித்துப் பார்த்தேன். எல்லோரும் கல்லூரி முடித்தவர்கள். சிலர் இரண்டு முறை முடித்திருக்கிறீர்கள். 'மக்களின் நிதி வாழ்வை மாற்றியமைப்பதே என் கனவு' என்று மூன்று பேர் ஒரு எழுத்து மாறாமல் எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேருக்கு ஒரே கனவு வருவது பெரிய விஷயம்தான். என் காலத்தில் இந்தத் தொழிலுக்கு யாரும் கனவு கண்டு வரவில்லை. மற்ற இடங்களில் நிற்க முடியாமல் போனவர்கள் வந்தார்கள்.

நான் பி.காம். இரண்டாம் வருடத்தோடு கல்லூரியை முடித்துக்கொண்டேன். ஃபீஸ் கட்டாததால் கல்லூரியும் அதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை. பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் எட்டு மாதம். திருமழிசையில் பெயின்ட் டப்பா செய்யும் இடத்தில் ஒரு மழைக்காலம். விஜயவாடா போகும் லாரியில் கிளீனராகக் கொஞ்ச நாள். காட்டுப்பாக்கத்தில் கட்டடம் கட்டும் இடத்தில் செங்கல் எண்ணும் வேலை. வேலை செய்த இடத்திலேயே தூங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு என்பது அப்போது கஷ்டமாகத் தோன்றவில்லை, அதுதான் வழக்கம் என்று இருந்தேன். நீங்கள் கண் கலங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த இடத்திலும் ஒரு வருடம் தங்காத ஒருவனைப் பிடித்து, 'இருபது வருடம் தவறாமல் பிரீமியம் கட்டுங்கள்' என்று ஊருக்குப் போதிக்க அனுப்பினார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில் நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆனது இப்படித்தான்.

என்னைச் சேர்த்துக்கொண்டவர் ஒரு டெவலப்மென்ட் ஆபீசர். என்னைப் போல முப்பது ஏஜெண்டுகளை மேய்ப்பது அவர் வேலை. நாங்கள் அவரை 'ஆபீசர்' என்றே சொல்வோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். உங்களுக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுக்கிறார்களாம். எனக்கு அவர் கொடுத்த பயிற்சி ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"உனக்குப் பேச வருமா?"

"வரும் சார்."

"கேக்க வருமா?"

"என்ன கேக்கணும் சார்?"

"சரிதான். நீ நல்லா விப்பே."

அதைப் பாராட்டு என்றே இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சுற்றிய இடம் ஆவடி. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை, அதைச் சுற்றிக் குவார்ட்டர்ஸ், தமிழ்நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்த குடும்பங்கள். மாதச் சம்பளம் உறுதி, பிரீமியத்தைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். ஏஜெண்டுகளுக்கு இதைவிட நல்ல மேய்ச்சல் நிலம் கிடையாது. ஆகவே ஒரு வீட்டுக்கு மூன்று ஏஜெண்டுகள் வந்துபோனோம்.

தொழிலின் ஒரு நுட்பத்தை மட்டும் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். விண்ணப்ப ஃபாரம் இங்கிலீஷில் இருக்கும். அதில் உடம்பைப் பற்றிப் பதினோரு கேள்விகள். இருதய நோய் உண்டா, காசநோய் உண்டா, ஆபரேஷன் ஆனதுண்டா, உடம்பு சரியில்லை என்று நீண்ட லீவு போட்டதுண்டா என்று வரிசையாக வரும். பதினொன்றுக்கும் 'நோ' என்றால் டாக்டர் பரிசோதனை தேவையில்லை, ஃபாரம் நேராக உள்ளே போய்விடும். ஒரே ஒரு 'எஸ்' விழுந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், ரிப்போர்ட் வர வேண்டும். எப்படியும் ஒரு மாதம் ஓடிவிடும். எங்களுக்கோ மார்ச் முப்பத்தொன்று கெடு. அதற்குள் இத்தனை பாலிசி என்று ஒரு எண்ணிக்கை உண்டு. ஒன்று குறைந்தாலும் ஏஜென்சி போய்விடும்.

இந்தச் சிக்கலை அறிவியல் முறைப்படி தீர்த்தவன் தேவராஜ். என்னுடைய சக ஏஜெண்ட், அம்பத்தூர்க்காரன், நல்லவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவடி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து வெற்று ஃபாரங்களில் பதினோரு கட்டத்திலும் வரிசையாக 'நோ' எழுதிக்கொண்டிருப்பான். பெயர், முகவரி, வயது எல்லாம் காலியாக இருக்கும். ஆள் யார் என்றே தெரியாது, ஆனால் ஆரோக்கியமான ஆள்.

"இன்னா மச்சான், ஒவ்வொரு ஊட்லயும் குந்திகினு பதினோரு கேள்வி கேட்டுகினு இருப்பியா? ரெண்டாவது கேள்விக்கே அவன் சம்சாரம் பயந்துபூடும். இங்கயே அம்பது ஃபாரம் எய்திடு. அப்பால போய் கையெய்த்து மட்டும் வாங்கு."

"யாருக்காவது ஏதாவது இருந்துட்டா?"

"ஆவடில எவனுக்கு இன்னா கீது? எல்லாம் இரும்பைத் துன்னுட்டு ஏப்பம் வுட்றவன். நீ எய்து மாமே."

நானும் எழுதினேன். கடைக்காரரிடம் இரவல் வாங்கிய நீல மசிப் பேனா. ஐம்பது ஃபாரம், ஐந்நூற்றைம்பது 'நோ'. கை வலித்தது. உழைப்பு என்றுதான் நினைத்தேன்.

இனி சுடலைமுத்து. தொழிற்சாலையில் வெல்டர், திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். மனைவி பேச்சியம்மாள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். மார்ச் இருபத்தெட்டாம் தேதி மாலை அவர்கள் குவார்ட்டர்ஸ் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கணக்குக்கு எனக்கு ஒரே ஒரு பாலிசி குறைந்தது. இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குப் போடச் சம்மதித்திருந்தார். என் கறுப்பு மசிப் பேனாவால் அவர் பெயரையும் முகவரியையும் எழுதி முடித்தபோது அவர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். முந்தின வருசம் எனக்கு நெஞ்சுல கோளாறாகி ரெண்டு மாசம் லீவு போட்டேன். டி.பி.ன்னு சொன்னாக. மருந்தெல்லாம் முழுசாச் சாப்பிட்டு முடிச்சாச்சு, இப்ப ஒண்ணுமில்ல. இருந்தாலும் நீங்க கேப்பீங்கள்லா, அதான் சொல்லுதேன்."

நான் கேட்கவே இல்லை. அவராகச் சொன்னார்.

பேச்சியம்மாள் அடுப்படி வாசலில் நின்றிருந்தார். "சொகமாயிட்டு, வேலைக்குப் போலாம்னு டாக்டரு எழுதிக் குடுத்த சீட்டு டின்னுக்குள்ள இருக்கு தம்பி. எடுத்தாரட்டா?" என்றார். அலமாரி மேலே ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. அந்த வீட்டின் காகிதங்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். அவர் கை அதை எடுக்கப் பாதி தூரம் போய்விட்டது.

என் மடியில் இருந்த ஃபாரத்தில் காசநோய்க் கட்டத்திலும் லீவுக் கட்டத்திலும் 'நோ' ஏற்கெனவே உலர்ந்து கிடந்தது. அடித்து எழுதினால் டாக்டர். டாக்டர் என்றால் ஏப்ரல். ஏப்ரல் என்றால் மறுபடியும் செங்கல்.

"அதெல்லாம் வேண்டாங்க்கா. குணமானதுக்குக் கணக்கு இல்லை" என்றேன்.

சுடலைமுத்து பேனாவை வாங்கி, நிறுத்தி நிதானமாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார். கொடுக்கும்போது, "நாஞ் சொன்னத எழுதிட்டீகளா?" என்று கேட்டார்.

"ம்" என்றேன்.

ஃபாரம் முப்பதாம் தேதி உள்ளே போனது. ஏஜென்சி பிழைத்தது. ஆபீசர் எனக்கு மசால் தோசை வாங்கிக் கொடுத்தார்.

இருபது மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, தொழிற்சாலை கேண்டீனில் தட்டோடு வரிசையில் நின்ற சுடலைமுத்து அப்படியே சரிந்து விழுந்தார். இருதயம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

பாலிசி எடுத்து இரண்டு வருடம் ஆவதற்குள் ஒருவர் இறந்தால் விசாரணை நடக்கும். அதில் தவறில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி தொழிற்சாலையில் லீவு ரிஜிஸ்டரைப் புரட்டினார். இரண்டு மாத மருத்துவ லீவு, காரணம் காசநோய் என்று அதில் இருந்தது. ஃபாரத்தில் 'நோ' இருந்தது. அவர் நேராகக் குவார்ட்டர்ஸுக்குப் போய், 'உங்கள் கணவர் நோயை மறைத்து ஏமாற்றியிருக்கிறார், பணம் வராது' என்று பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தார். பிறகு எனக்கு ஒரு கடிதம் அனுப்பினார். விண்ணப்பதாரரிடம் எல்லாக் கேள்விகளையும் கேட்டேனா, அவர் என்ன பதில் சொன்னார், ஒரு வாரத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

அந்த இருபத்தைந்தாயிரத்தில் என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். குவார்ட்டர்ஸைச் சில மாதங்களில் காலி செய்தாக வேண்டும். கேண்டீனில் பேச்சியம்மாளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் வேலை பார்க்க ஆவடியில் இருந்தாக வேண்டும், இருக்க இடம் வேண்டும். கோவில்பதாகையில் அரை கிரவுண்டு பார்த்து வைத்திருந்தார். பணம் வந்தால் அங்கே ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வராவிட்டால் கொழுந்தனார் வீடு. காரியத்துக்கு வந்திருந்த கொழுந்தனார் திட்டத்தைத் தெளிவாகவே சொல்லியிருந்தார்: "புள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வந்திரு. ரெண்டும் பீடி சுத்துனா மூணு பேரு கஞ்சி குடிக்கலாம்." பெரியவள் அப்போது பத்தாம் வகுப்பு.

நீங்கள் இதற்கு 'குடும்ப நிதி இலக்குகள்' என்று பெயர் வைத்து, வண்ண வட்டம் வரைந்து காட்டுவீர்கள்.

ஆபீசர் கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கேட்டேன், இல்லைன்னு சொன்னார். ரெண்டே வரி. எழுதிக் குடுத்துட்டுப் போய் வேலையைப் பாரு."

"அவர் சொன்னார் சார். நான்தான்…"

"நான் உன்னை அதைக் கேக்கலையே. போனவர் வந்து இல்லைன்னு சொல்லப் போறதில்லை. நீ இருக்கே. வருஷா வருஷம் வர்ற உன் ரின்யூவல் கமிஷன் இருக்கு. யோசிச்சுக்க."

தேவராஜ் இன்னும் சுருக்கமாகச் சொன்னான். "மச்சான், நீ உண்மைய எய்துனா உன் அம்பது ஃபாரத்தையும் தோண்டுவான். அப்பால என்னிது நானூறு கீது. நைனா, குடும்பத்தோட சாவடிச்சுடாத."

நான் மகாத்மா இல்லை. அந்த இரண்டு வரியை எழுதினேன். 'நான் எல்லாக் கேள்விகளையும் கேட்டேன். அவர் எதுவும் இல்லை என்றார்.' நல்ல கையெழுத்து. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதோடு பாலிசிப் பத்திரத்தின் நகலும் வேண்டும் என்று விசாரணை அதிகாரி கேட்டிருந்ததால், அதை வாங்கக் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். தபாலில் கேட்டிருக்கலாம். அந்த வயதில் எனக்கு அவ்வளவு முன்யோசனை கிடையாது.

பேச்சியம்மாள் பாய் போட்டு உட்காரச் சொன்னார். அழவில்லை, திட்டவில்லை. அலமாரி மேலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துக் கீழே வைத்துத் திறந்தார். ரேஷன் கார்டு, பெண்களின் மார்க் சீட்டு, அவற்றுக்குக் கீழே நாலாக மடித்த ஒரு காகிதம். அதைப் பிரித்து என் முன்னால் வைத்தார். ஆஸ்பத்திரி முத்திரை, சிகிச்சை முடிந்து குணமடைந்தார், வேலைக்குத் தகுதி என்று இரண்டு வரி, டாக்டர் கையெழுத்து.

"அன்னைக்கு வேண்டாம்னீக. இப்ப வேணுமா?"

நான் அந்த இரண்டு வரியை இன்னொரு முறை படித்தேன்.

"விசாரிக்க வந்த ஆபீசரு, அவுக பொய் சொல்லிட்டாகன்னாரு. பெரியவ கேட்டுக்கிட்டு நின்னா. ஏம்மா, அப்பா பொய் சொன்னாங்களான்னு என்னையக் கேக்கா. அவுக பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும். ஒங்களுக்கும் தெரியும். வேற யாருக்குத் தெரியும், சொல்லுங்க?"

"யாருக்கும் தெரியாதுக்கா."

"அப்ப நீங்கதான சொல்லணும். துட்டு வருது, வரல, அது பொறவு."

வீட்டில் அந்தப் பெண் இருந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருப்பது போல இருந்தாள். நான் இருந்த அவ்வளவு நேரமும் அவள் பேனா நகரவில்லை.

பத்திரத்தின் நகலையும் அந்தச் சீட்டையும் வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்கு வந்தேன். அதே பெஞ்சு. அங்கே உட்கார்ந்து இரண்டாவது கடிதம் எழுதினேன். ஃபாரத்தை ஆளைப் பார்ப்பதற்கு முன்பே நிரப்பி வைத்திருந்தேன். அவர் தாமாகவே நோயைப் பற்றிச் சொன்னார். அவர் மனைவி மருத்துவச் சான்றைக் காட்ட முன்வந்தார். நான் வேண்டாம் என்றேன். எழுதியதைப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கினேன். வேறு யாருடைய பெயரும் அதில் இல்லை. தேவராஜ் பெயரை விட்டது நட்புக்காக என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அவன் என்னைவிடப் பலசாலி என்பதும் ஒரு காரணம்.

ஆபீசரிடம் காட்டினேன். முழுவதும் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினார்.

"உருப்பட மாட்டே" என்றார். "சரி, இதை மூணு காப்பி எழுது. அந்தச் சீட்டுக்கும் நகல் எடுத்து மூணுலயும் இணை. ஒண்ணு இங்க, ஒண்ணு மேல டிவிஷன் ஆபீசுக்கு. மூணாவதுல தேதி போட்டு ஆபீஸ் சீல் வாங்கி அந்தம்மா கையில குடு."

"எதுக்கு சார் அவங்களுக்கு?"

"இல்லைன்னா உன் நேர்மை ஒரே வாரத்துல ஃபைல்லேருந்து காணாமப் போயிடும்யா. நல்லது செய்யறவன் அதுக்கு ரசீது வாங்கி வெச்சுக்கணும்."

முதலில் பொய் சொல்லச் சொன்னவரும் அவர்தான், இதைச் சொன்னவரும் அவர்தான். எதை நம்பிச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் என் முப்பது வருடத் தொழிலில் நான் கேட்ட ஒரே உருப்படியான யோசனை அந்த மூன்றாவது காப்பிதான்.

விசாரணை அதிகாரி என்னை எதிரே உட்கார வைத்துக் கடிதத்தைப் படித்தார்.

"இதனால உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏன் எழுதினீங்க?"

உண்மையான காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "பதினோரு 'நோ'வும் நீல மசி, மிச்சமெல்லாம் கறுப்பு மசி சார். நீங்க எப்படியும் கண்டுபிடிச்சிருப்பீங்க" என்றேன்.

அவர் ஃபாரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "அட, ஆமாம். நான் கவனிக்கவே இல்லையே" என்றார்.

என் ஏஜென்சி பதினேழு நாளில் ரத்தானது. எந்த அலுவலகமும் எனக்காக அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. பேச்சியம்மாளின் மனு பதினோரு மாதம் நடந்தது. முதலில் நிராகரித்தார்கள். என் கடிதம் ஃபைலில் இல்லை என்றார்கள். அவர் டின்னைத் திறந்து மூன்றாவது காப்பியைக் காட்டினார். முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு ஃபைலை மேலே அனுப்பினார்கள். ஃபாரத்தில் தவறு தவறுதான், ஆனால் ஏமாற்றும் எண்ணம் தெரியவில்லை என்று மேலிடத்தில் எழுதி, கருணை அடிப்படையில் பதினைந்தாயிரம் கொடுத்தார்கள். முழுப் பணம் இல்லை. அரை கிரவுண்டுக்குச் சரியாக இருந்தது. கூரை போடக் கேண்டீன் சம்பளத்தில் இன்னும் ஒரு வருடம் பிடித்தது, அதுவரை ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். பெரியவள் பத்தாவதை ஆவடியிலேயே முடித்தாள். யாரும் பீடித் தட்டைத் தொடவில்லை.

பணம் வந்த செய்தியைக் கேட்டு நான் பார்க்கப் போனேன். நன்றி சொல்வார் என்று ஒரு நப்பாசை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "அத அன்னைக்கே எழுதியிருக்கலாம்லா தம்பி."

ஏஜென்சி போனதுமே நான் திருமழிசைக்குத் திரும்பியிருந்தேன். பெயின்ட் டப்பா என்னை மறந்திருக்கவில்லை.

ஒரு வருடம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி பேச்சியம்மாளிடமிருந்து தகவல் வந்தது. கோவில்பதாகைக்குப் போனேன். தன் பெயரில் பாலிசி எடுப்பதாக இருந்தார். ஒரு ஃபாரத்தை நீட்டினார்.

"ஒரு ஏஜெண்டு தம்பி வந்தாரு. எல்லாத்தையும் எழுதிக்கிட்டே வந்துட்டாரு. கையெழுத்து மட்டும் போடுங்கன்னாரு. நான் வச்சிட்டுப் போங்கன்னுட்டேன். வாசிச்சுச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். பதினோரு 'நோ'. தேவராஜின் கையெழுத்து. பேனா மட்டும் இப்போது அவனுடைய சொந்தப் பேனா, எல்லாம் ஒரே நிறம். அந்த அளவுக்குத் தொழிலில் முன்னேறியிருந்தான்.

"இதுக்கு எதுக்குக்கா என்னைக் கூப்பிட்டீங்க? நானும் அப்படி எழுதினவன்தானே?"

"அதான் கூப்பிட்டேன். எங்க பொய்யி இருக்கும்னு ஒங்களுக்குத்தான தெரியும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு ஃபாரம் வாங்கி வந்து, ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். பிரசவம், முட்டு வலி, சின்ன வயதில் வந்த டைபாய்டு, ஒன்றையும் விடவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் ஆனது. முடிந்ததும் முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். "சும்மா வாசிச்சீகன்னா எனக்கு நம்பிக்கை வராது" என்றார்.

நிதி ஆலோசகராக நான் வாங்கிய முதல் கட்டணம் அது. விற்க உரிமை இல்லாததால்தான் ஆலோசகன் ஆனேன். தகுதி என்று பார்த்தால் வேறு ஒன்றும் இல்லை.

அவர் கேண்டீனில் சாம்பார் ஊற்றும்போதே என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். 'தப்பு பண்ணி மாட்டுன தம்பி, இப்ப ஒழுங்கா வாசிப்பாரு' என்பதுதான் விளம்பர வாசகம். ஞாயிற்றுக்கிழமைகளில் குவார்ட்டர்ஸ்காரர்கள் ஃபாரங்களோடு வந்தார்கள். இன்சூரன்ஸ், சீட்டு, தபால் ஆபீஸ் சேமிப்பு, வீட்டுக் கடன். தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனிகள் வந்தன. அவர்கள் தரும் வட்டியைக் கேட்டால் உங்களுக்கு இப்போதுகூட வாயில் எச்சில் ஊறும். தேவராஜ் பூந்தமல்லியில் அப்படி ஒன்றுக்குக் கிளை மேனேஜர் ஆனான், கழுத்தில் டை. அவன் கம்பெனி ஃபாரத்தின் பின்பக்கம், பொடி எழுத்தில், இந்த டெபாசிட்டுக்கு எந்தப் பிணையும் கிடையாது என்று ஒரு வரி உண்டு. நான் அதைச் சத்தமாக வாசிப்பேன்.

"மச்சான், நீ வாசிக்கற ஒவ்வொரு வாட்டியும் எனக்கு ஒரு பார்ட்டி ஓடிப்பூட்றான். அந்த ஒரு வரிய மட்டும் வுட்டுடு, உனக்கும் ஒரு பெர்சென்ட் தர்றேன்" என்று வந்து கேட்டான்.

"ஒரு வரியை விட்டுத்தான்டா நான் டப்பா கழுவப் போனேன்" என்றேன். சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தான். ஒரு நாள் காலையில் அந்தக் கம்பெனியின் ஷட்டர் திறக்கவில்லை. தேவராஜ் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. போடாமல் தப்பித்தவர்கள் என்னை மாலை போட்டுக் கொண்டாடவில்லை, அடுத்த ஃபாரத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். போட்டு இழந்தவர்கள், 'நீ இன்னும் அழுத்தி வாசிச்சிருக்கணும்' என்று சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மீதி உங்களுக்குத் தெரியும். இரண்டு ரூபாய் இருபதாகி, இருநூறாகி, ஒரு அறை, ஒரு போர்டு, பிறகு இந்த நிறுவனம் என்னை அழைத்துக் கண்ணாடி அறை கொடுத்தது. சம்பாதித்தேன், ஓய்வு பெற்றேன்.

இதை எழுதுவது பற்றிப் பேச, போன வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு வந்திருந்தேன். உங்களில் ஒருவர் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். பெயர் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும். திரையில், முதலீட்டில் எவ்வளவு ரிஸ்க் தாங்குவார் என்று கண்டுபிடிக்க இருபத்திரண்டு கேள்விகள். எல்லாவற்றுக்கும் 'நடுத்தரம்' என்று பதில் முன்பே விழுந்திருந்தது. யாரும் எழுதவில்லை, கை வலிக்கவில்லை, மசியும் ஒரே நிறம். தேவராஜ் பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பான். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, "ஒரு விஷயம் சொல்லணும் தம்பி, என் பையனுக்கு…" என்று ஆரம்பித்துக் கைப்பையைத் திறக்கப் போனார். நீங்கள் சிரித்த முகத்தோடு, "அதெல்லாம் தேவையில்லைம்மா, இங்க சைன் பண்ணுங்க" என்றீர்கள். அவர் பையை மூடிக்கொண்டார்.

அந்தப் பையில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவருடைய ஃபோன் நம்பர் ஃபைலில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் சொன்னதை எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். ஒரு காப்பியில் சீல் போட்டு அவர் கையில் கொடுங்கள்.